சனி ராத்திரி, விடிந்தால் ஞாயிறு: ஊருக்கு ஊர் நேரம் மாறும் ரக்பி லீக் ஆட்டங்களுக்கு அட்டவணை போடும் முறை

2025 நவம்பர் 1, சனிக்கிழமை. கும்பகோணத்தில் அம்மா விளக்கேற்றி, ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு, சரியாக 7 மணிக்கு டேப்லெட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அன்று இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். கிரிக்கெட் ஆஷஸ் இல்லை, ஓர் அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகையான ரக்பி லீக்கின் ஆஷஸ். 7.10க்கு எனக்குப் போன் வந்தது. "ஏண்டா, வீடியோ கால்ல யாரையுமே காணோமே? ஆட்டம் இல்லையா இன்னிக்கு?" அதே நேரத்தில் பிரிஸ்பேனில் என் மகள், டியூட்டி முடிந்து வந்த களைப்போடு படுத்து, இரவு 11.30க்கு அலாரம் வைத்து எழுந்து, அதே கேள்வியை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்.

ஆட்டம் இருந்தது. ஆனால் தொடங்க இன்னும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பாக்கி. தப்பு என் அட்டவணையில். முந்தைய சனிக்கிழமை, அக்டோபர் 25 அன்று, வெம்ப்ளியில் நடந்த முதல் டெஸ்டுக்கு எழுதிய வரியை அப்படியே நகல் எடுத்து, தேதியை மட்டும் மாற்றியிருந்தேன். லிவர்பூலில் நடந்த இரண்டாவது டெஸ்டும் அங்குள்ள கடிகாரப்படி அதே பிற்பகல் 2.30தான். ஆனால் நடுவில், அக்டோபர் 26 அதிகாலையில், இங்கிலாந்து தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்களுக்கு 3.30 என்பது 4.30 ஆகிவிட்டது. கும்பகோணத்தில் 7 மணி 8 ஆனது. பிரிஸ்பேனில் சனி இரவு 11.30 என்பது நள்ளிரவைத் தாண்டி 12.30 ஆனது. மகள் காத்திருந்து பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள். அம்மா தான் படுக்கும் நேரத்தில் ஆட்டம் பார்க்க உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இது ரொம்ப நாள் உறுத்தியது. காரணம், நேரக் கணக்கு என் அன்றாட வேலை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதோடு கோயில் நாட்காட்டிக்குத் திதி, நட்சத்திர நேரங்களை டர்பன் கணக்குக்கு மாற்றித் தருகிறேன். ஊரிலிருந்து வரும் பஞ்சாங்கத்தை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். அதே கவனத்தை ஆட்ட அட்டவணையிலும் வைத்த பிறகு தப்பு வரவில்லை. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பல தேசங்களில் சிதறிக் கிடக்கும் குடும்பமோ நண்பர்களோ சேர்ந்து ஆட்டம் பார்க்க நினைத்தால் இது உதவும்.

பஞ்சாங்கத்தில் இரண்டு வகை நேரம் உண்டு. திதி என்பது உலகத்துக்கே ஒரே கணத்தில் முடிவது. சென்னைப் பஞ்சாங்கத்தில் ஒரு திதி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு முடிகிறது என்றால், டர்பனில் அது சனி இரவு 10.30க்கே முடிந்துவிடும். கணம் ஒன்று, கடிகாரம்தான் வேறு. ராகு காலம் அப்படி இல்லை. அது அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தைப் பிடித்துக்கொண்டு வருவது. நவம்பரில் டர்பனில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும். அதனால் சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை என்று ஊர்க்கணக்கில் சொல்வது இங்கே பொருந்தாது, 8.15 வாக்கிலேயே தொடங்கிவிடும்.

ஆட்டம் தொடங்கும் நேரம் திதி மாதிரி. லீட்ஸில் நடுவர் விசில் ஊதும் அந்த ஒரு கணம்தான் ஆக்லாந்துக்கும் கும்பகோணத்துக்கும். ஆனால் அது யாருக்கு வசதி, யார் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது ராகு காலம் மாதிரி, ஊருக்கு ஊர் தனிக்கணக்கு. அட்டவணை போடும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். முதலில் கணத்தைப் பிடியுங்கள். வசதியை அப்புறம் பார்க்கலாம்.

கணத்தைப் பிடிக்க மூன்று விஷயம் வேண்டும்: ஆட்டம் நடக்கும் நகரம், அந்த நகரத்துத் தேதி, அந்த நகரத்துக் கடிகாரம். நாடு என்று எழுதினால் போதாது. ஆஸ்திரேலியாவில் சிட்னியும் பிரிஸ்பேனும் ஒரே கரையில் இருந்தாலும் கோடையில் இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், பெர்த் அதற்கும் தள்ளி. சுருக்கெழுத்துகளை நம்பாதீர்கள். ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்திய நேரம். அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அதே எழுத்துகள் அவரவர் நேரம். பிஎஸ்டி என்பது பிரிட்டனின் கோடை நேரமாகவும் இருக்கலாம், வங்கதேச நேரமாகவும் இருக்கலாம். தொலைக்காட்சிப் பட்டியலில் போட்டிருப்பது பல சமயம் நிகழ்ச்சி தொடங்கும் நேரம், ஆட்டம் தொடங்கும் நேரம் இல்லை. போட்டியை நடத்துகிறவர்கள் வெளியிடும் கிக்-ஆஃப் நேரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

இதை எடுத்ததும் மாறாத ஒரு கடிகாரத்துக்கு மாற்றுங்கள். கணினிக்காரர்கள் யூடிசி என்ற பொது நேரத்தை வைத்துக்கொள்வார்கள். நான் டர்பனையே வைத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்கா வருடம் முழுக்க யூடிசிக்கு 2 மணி முன்னால் நிற்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொஞ்ச நாள் கடிகாரத்தை மாற்றிப் பார்த்தார்கள், அதோடு சரி. இந்தியா 5.30 முன்னால், பிரிஸ்பேனும் பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியும் 10, பெர்த் 8. இவை எதுவும் மாறாது. மாறாத ஊர் உங்கள் கூட்டத்தில் ஒன்று இருந்தால் அதையே முளைக்குச்சியாக அடித்துக்கொள்ளுங்கள்.

இனி மாறும் ஊர்கள். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். நியூசிலாந்து செப்டம்பர் கடைசி ஞாயிறில் கடிகாரத்தை முன்னால் தள்ளி 13க்குப் போகிறது. சிட்னி அக்டோபர் முதல் ஞாயிறில் 11க்குப் போகிறது. இரண்டும் ஏப்ரல் முதல் ஞாயிறில் பழையபடி திரும்பும். இங்கிலாந்தும் பிரான்சும் அக்டோபர் கடைசி ஞாயிறில் பின்னால் வரும், மார்ச் கடைசி ஞாயிறில் முன்னால் போகும். அதாவது தெற்கே முன்னால் தள்ளுகிற அதே பருவத்தில் வடக்கே பின்னால் இழுக்கிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் லீட்ஸுக்கும் ஆக்லாந்துக்கும் 11 மணி வித்தியாசம். அக்டோபரில் 12. நவம்பரில் 13.

ரக்பி லீக்கில் தேசங்கள் மோதும் ஆட்டங்கள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் என்ற இந்த இரண்டு மாதத்துக்குள்தான் வருகின்றன. ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல், இங்கிலாந்தின் சூப்பர் லீக் என்ற கிளப் போட்டிகள் இரண்டும் அக்டோபர் முதல் பாதியில் முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் வீரர்கள் தேசிய அணிக்கு வர முடியும். அதனால் நமக்கு ஒரு தொல்லை உண்டு. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே கடிகாரம் மாறும். ஆகவே வித்தியாசத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் புதிதாகக் கணக்கிடுங்கள். போன வார வரியை நகல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

2026 உலகக் கோப்பையை வைத்துச் செய்து காட்டுகிறேன். அக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை. சிட்னி, பிரிஸ்பேன், பெர்த், கிறைஸ்ட்சர்ச், போர்ட் மோர்ஸ்பி என்று ஆட்டங்கள் பரவிக் கிடக்கின்றன. எல்லா ஊரிலும் இரவு 8 மணிக்கு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். கிறைஸ்ட்சர்ச் 8 மணி டர்பனில் காலை 9. சிட்னி 8 மணி காலை 11. பிரிஸ்பேனும் போர்ட் மோர்ஸ்பியும் பகல் 12. பெர்த் பிற்பகல் 2. ஒரே போட்டி, ஒரே "இரவு 8 மணி", எங்களுக்கு ஐந்து மணி நேர இடைவெளி. லீட்ஸில் இருக்கும் தம்பிக்கு சிட்னி ஆட்டம் அக்டோபர் 24 வரை காலை 10 மணிக்கு, 25ஆம் தேதியிலிருந்து 9 மணிக்கு. இந்த ஒரு நாளைத் தாளில் சிவப்பு மையில் குறித்துவைத்திருக்கிறேன்.

கையால் கணக்கிட்டதைக் கருவியால் சரிபாருங்கள். போனில் காலண்டர் ஆப்பில் நிகழ்ச்சியைச் சேர்க்கும்போது நேர மண்டலம் என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதில் ஆட்டம் நடக்கும் நகரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊர் நேரத்தையே போடுங்கள். அழைப்பை மற்றவர்களுக்கு அனுப்பினால் அவரவர் போன் அவரவர் நேரத்தைக் காட்டும், கடிகாரம் மாறும் நாளையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கைக்கணக்கும் போனும் ஒத்துப்போனால்தான் நான் அனுப்புகிறேன். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் கோளாறு தேதியில் இருக்கும்.

ஆமாம், மணியைவிடத் தேதிதான் ஆட்களை ஏமாற்றுகிறது. நம் வழக்கில் நாள் என்பது விடிவதிலிருந்து விடிவது வரை. சனிக்கிழமை ராத்திரி 12.30 என்று நாம் சொன்னால் அது சனிக்கிழமை ராத்திரிதான். காலண்டருக்கோ அது ஞாயிறு. "ஞாயிறு 12.30" என்று எழுதினால் அம்மா ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுப்பார். "சனி 12.30" என்று எழுதினால் மகளின் போன் ஒரு நாள் முன்னதாக அலாரம் அடிக்கும். இதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: "சனி ராத்திரி, விடிந்தால் ஞாயிறு." முகூர்த்தப் பத்திரிகையிலும் ரயில் டிக்கெட் விஷயத்திலும் பெரியவர்கள் இப்படித்தான் பேசினார்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வரும் எந்த ஆட்டத்துக்கும் நான் அதையே எழுதுகிறேன்: "சனி ராத்திரி, விடிந்தால் ஞாயிறு நவம்பர் 2, நள்ளிரவு தாண்டி 12.30." வரி நீளம்தான். ஆனால் அதைத் தப்பாகப் படிக்க முடியாது.

பசிபிக் தீவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டின் உயிர் இப்போது அங்கே இருக்கிறது. சமோவாவும் டோங்காவும் யூடிசிக்கு 13 மணி முன்னால். சமோவா 2011 வரை தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வியாபாரம் எல்லாம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு என்பதால் இந்தப் பக்கம் தாண்டி வந்தது. அந்த வருடம் டிசம்பர் 30 என்ற வெள்ளிக்கிழமையே அங்கே இல்லை. பக்கத்திலிருக்கும் அமெரிக்க சமோவா அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சமோவாவின் தலைநகர் ஆப்பியாவிலும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் வேறு. அங்கே உறவினர் இருப்பவர்களுக்கு அட்டவணை அனுப்பினால் எந்த சமோவா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

2022 நவம்பர் 19 அன்று மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் சமோவா முதன்முறையாக உலகக் கோப்பை இறுதிக்கு வந்திருந்தது. அங்கே சனி மாலை 4 மணி, டர்பனில் 6, ஆப்பியாவில் ஞாயிறு விடிகாலை 5. ஆஸ்திரேலியா 30-10 என்று வென்றது. அந்தத் தீவுகளில் ஞாயிறு தேவாலயத்துக்குரிய நாள். டோங்காவில் அரசியல் சாசனமே ஞாயிறைப் புனித நாளாக வைத்து, தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் தடை போட்டிருக்கிறது. கடிகாரக் கணக்கில் 5 மணி சரியா என்பதோடு வேலை முடியவில்லை. அன்று அந்த ஊருக்கு என்ன நாள் என்பதும் அட்டவணையில் ஒரு பத்தியாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கமும் அப்படித்தான். 2025 அக்டோபர் 25, வெம்ப்ளி டெஸ்ட் நாள், கந்த சஷ்டி விரத நாட்களில் வந்தது. 2026இல் தீபாவளி நவம்பர் 8, உலகக் கோப்பை நடக்கும்போதே. இறுதி ஆட்டமும் சஷ்டி நாட்களுக்குள்தான். அக்டோபர் பாதிவரை புரட்டாசி. டர்பன் தமிழர்கள், தமிழ் பேசாத குடும்பங்கள்கூட, மாதம் முழுக்க மரக்கறி விரதம் இருப்பார்கள். ஆட்டம் பார்க்கக் கூடுகிற வீட்டில் என்ன சமையல் என்பதைக்கூட அட்டவணை தீர்மானிக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு மோதலும் உண்டு. இங்கே ரக்பி என்றாலே 15 பேர் ஆடும் ரக்பி யூனியன், அதன் தேசிய அணியான ஸ்பிரிங்பாக்ஸ். நான் எழுதிக்கொண்டிருப்பது 13 பேர் ஆடும் லீக். ஸ்பிரிங்பாக்ஸும் நவம்பரில்தான் ஐரோப்பா போவார்கள். அதே 2025 நவம்பர் 1 மாலை அவர்கள் வெம்ப்ளியில் ஜப்பானோடு ஆடினார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியும் அதற்குத்தான். ஆஷஸ் ஆட்டம் முடிவதும் அது தொடங்குவதும் ஒட்டிக்கொண்டு வந்தன. அதனால் இப்போது அட்டவணை போடும்போது யூனியன் ஆட்டங்களையும் பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். வீட்டில் ஒரு தொலைக்காட்சிதான் இருக்கிறது என்றால் இது அவசியம்.

ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? இரண்டு பாதி, 40 நிமிடம் வீதம். இடைவேளை, காயம், வீடியோ நடுவர் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. நாக்-அவுட் ஆட்டம் என்றால் இரண்டரை மணி நேரம் விட்டுவிடுங்கள். 2022 அரையிறுதியில் இங்கிலாந்தும் சமோவாவும் 80 நிமிடத்தில் சமநிலை. கோல்டன் பாயிண்டுக்குப் போனது, அதாவது கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. ஸ்டீபன் கிரைட்டன் அடித்த டிராப் கோலில் சமோவா 27-26 என்று வென்றது. அன்று நான் சாயரட்சைக்குக் கோயிலில் இருக்க வேண்டியவன், 80ஆவது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். அந்த உதையை அப்புறம்தான் பார்த்தேன். அந்த நாளிலிருந்து நாக்-அவுட் ஆட்டத்துக்குப் பின்னால் எந்த வேலையும் ஒட்டி வைப்பதில்லை.

கணம் பிடிபட்டாயிற்று. இனி வசதி. ஒவ்வொருவரிடமும் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை முடியும் என்று முன்பே கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்குக் காலை 6 முதல் இரவு 9. மகளுக்கு டியூட்டிச் சீட்டைப் பொறுத்தது. தம்பி 7 மணிக்கு முன் எழமாட்டான். ஆக்லாந்து நண்பர் இரவு 11 வரை தாக்குப்பிடிப்பார். இதையெல்லாம் ஒரே தாளில் கோடுகளாகப் போட்டால், நவம்பரில் எல்லாக் கோடும் சேரும் இடம் ஒன்று தெரியும்: லீட்ஸில் காலை 8, டர்பனில் 10, கும்பகோணத்தில் பகல் 1.30, பிரிஸ்பேனில் மாலை 6, சிட்னியில் 7, ஆக்லாந்தில் இரவு 9. ஆட்டம் ஆஸ்திரேலியாவில் நடந்தால் இந்த நல்ல நேரம் தானாகவே அமைந்துவிடும். தெற்கே நடக்கும் போட்டி உலகத்துக்கே இதமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தில் நடந்தால் அந்த இதம் போய்விடுகிறது. பிற்பகல் 2.30 என்றால் நவம்பரில் சிட்னியில் நள்ளிரவு தாண்டி 1.30, ஆக்லாந்தில் 3.30. பகல் 12 மணிக்குத் தொடங்கினால் பிரிஸ்பேனில் இரவு 10, சிட்னியில் 11, எங்களுக்கு 2, ஊரில் மாலை 5.30. மைதானத்துக்கு வருகிறவர்களுக்குக் காலையில் கிளம்ப வேண்டிய சிரமம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் இந்த விளையாட்டைத் தேசங்களுக்கு நடுவில் வளர்க்க நினைப்பவர்கள் அந்த இரண்டரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பிரிஸ்பேனில் ஒரு பிள்ளை தன் நாட்டு அணியை விழித்திருந்து பார்க்க வேண்டுமென்றால் 10 மணிக்கு முடியும், 12.30க்கு முடியாது.

பெர்த் இதற்கு எதிர்ப்பக்கம். அங்கே இரவு 8 மணி ஆட்டம் லீட்ஸுக்கு அக்டோபர் நடுவில் பிற்பகல் 1 மணி, அருமையான நேரம். ஆனால் சிட்னியில் அது இரவு 11. அதனால் பெர்த்தில் சாயங்காலமே தொடங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள்.

யாருக்காவது கெட்ட நேரம் விழத்தான் செய்யும். அது எப்போதும் ஒரே ஆளுக்கு விழக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இந்த ஆட்டம் மகளுக்கு நள்ளிரவில் வந்தால், அவள் தூங்கி எழுந்ததும் அவளுக்காக ஒருவர் பதிவை மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். அதுவரை குடும்பக் குழுவில் யாரும் ஸ்கோர் எழுதக்கூடாது. அவளும் செய்தி ஆப்களின் அறிவிப்பை முன்னிரவிலேயே நிறுத்திவிடுவாள். அட்டவணையில் இதற்கும் ஒரு வரி: "பதிவு, ஞாயிறு காலை பிரிஸ்பேன் 9 மணி, கூட இருப்பது சித்தப்பா." அங்கே 9 மணி என்றால் லீட்ஸில் சனி இரவு 11. தம்பி அதற்காக விழித்திருப்பான்.

கடைசி வேலை, அனுப்பிய பிறகு திருப்பிச் சொல்லச் சொல்வது. "பார்த்தேன்", "சரி" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. அவரவர் ஊர்க் கிழமையையும் மணியையும் அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஒத்திகையாக பிரிஸ்பேன் இறுதி ஆட்டத்தை இரவு 7 மணி என்று வைத்து எல்லோருக்கும் அனுப்பிப் பார்த்தேன். தம்பி காலை 9 என்றான். மகள் 7 என்றாள். ஆக்லாந்து நண்பர் இரவு 10. அம்மா போனில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை, நவம்பர் 15, மத்தியானம் ரெண்டரை. சஷ்டி. நான் சாப்பிட்டிருக்க மாட்டேன், பால் மட்டும்தான். நீ அந்தக் கடிகாரத்தை மறுபடி ஒரு தடவை பாத்துடு."